ஆறினதைத் தொடாதவள்

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். அவளுடைய பேரன் பேத்திகள் தென்காசியிலேயே இருக்கிறார்கள். கோயிலில் பார்த்தால், "ஆச்சி, சொகமா இருக்கீயளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற பிள்ளைகள். அவர்கள் மனசு நோக வேண்டாம். எங்கள் வீட்டில் அவளுக்குச் செங்கோட்டைக்காரி என்றுதான் பெயர். செங்கோட்டை அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்து, கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தவள். தண்ணீரை வெள்ளம் என்பாள். போதும் என்பதற்கு 'மதி' என்பாள். சாப்பிடும்போது மட்டும் அந்த 'மதி' அவள் வாயிலிருந்து லேசில் வராது.

அழகி என்று சொல்ல முடியாது. என்னைவிட நிறம் மட்டு. முன்பல் கொஞ்சம் எடுப்பு. இதை எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை மறைப்பானேன்? பாட்டு தெரியாது, கோலம் கோணல்மாணலாக வரும், கொண்டு வந்த நகையும் பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு குணம்தான் அவளிடம் இருந்தது. ஆறின சாப்பாட்டைத் தொடமாட்டாள். அந்த ஒரு குணத்துக்காக நான் அவள்மேல் பட்ட பொறாமையை என் கூடப்பிறந்த தங்கை ஒரு ராணி மாதிரி வாழ்ந்தபோதுகூடப் பட்டதில்லை.

இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு இது புரியாது. சூடாகச் சாப்பிடுவதில் என்ன அதிசயம் என்று கேட்பார்கள். அப்போது குடும்பத்துப் பெண் ஒருத்தி சூடாகச் சாப்பிடுவது என்பது நடக்கிற காரியமே இல்லை. முதலில் வீட்டு ஆண்கள், பிறகு பிள்ளைகள், பிறகு வந்தவர் போனவர், பிறகு மாமியார், கடைசியில்தான் நாங்கள். அதுவும் புருஷன் சாப்பிட்டு எழுந்த அதே இலையில். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். இலையில் நல்ல கறித்துண்டாக ஒன்றை எனக்கென்று ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதுதான் அவர் என்மேல் வைத்த பிரியம். நான் அந்தத் துண்டை எடுக்கும்போது அது கல்லாகியிருக்கும்.

செங்கோட்டைக்காரியை நான் முதலில் பார்த்தது மேலகரத்தில் ஒரு கல்யாண வீட்டில். ஆண்களுக்கு இலை போட்டு முதல் பந்தி நடக்கிறது. நாங்கள் பெண்கள் தண்ணீர்ச் செம்பும் அப்பளத் தட்டுமாக அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கிறோம். பந்தியின் கடைசி இலையில், மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பக்கத்தில், புதுப்பெண் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒரு பெரியவள் ஓடிப்போய், "ஏளா, எந்திரி. இது ஆம்பளையாளு பந்தி" என்று அதட்டினாள்.

அவள் அண்ணாந்து பார்த்து, "சாம்பார் கொதிக்கக் கொதிக்க வருதுல்லா? பொம்பளையாளு பந்திக்கும் இப்படியா வரும்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பரிமாறுகிறவன் வாளியோடு முழித்துக்கொண்டு நின்றான். பந்தியின் நடுவிலிருந்து அவள் புருஷன், "அங்கன ஊத்தும்வே, பசி பொறுக்கமாட்டா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். வாளிக்காரன் ஊற்றினான். அவள் விரல் சுடச்சுடப் பிசைந்து, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. நான் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். வயிறு காந்தியது. பசியா, வேறு எதுவுமா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்தப் புருஷன் என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதன். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பஸ் விட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்கு நெல் மண்டி. இவர்களோடு ஒரு வக்கீல், ஒரு டாக்டர். நாலு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், பெண்டாட்டிகளைவிட ஒருவருக்கொருவர் பிரியமானவர்கள். சாரல் காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தோறும் குற்றாலத்துக்குப் போய்விடுவார்கள். அருவிக்காகப் போகவில்லை. சாப்பாட்டுக்காகப் போனார்கள்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து பட்லர் ஒருவர் சாப்பாட்டு விடுதி நடத்தி வந்தார். மலைமேல் தேயிலை எஸ்டேட் துரையிடம் சமையல் பார்த்தவர். துரை சீமைக்குப் போனதும் பீங்கான் தட்டுகளையும் கத்தி, முள்ளுக்கரண்டிகளையும் இனாமாக வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஆட்டுத் தொடைக்கறியை எலும்பில்லாமல் கனமான துண்டாக அரிந்து, மிளகும் உப்பும் தடவி, இரும்புக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்து, அப்படியே முழுத்துண்டாகப் பீங்கானில் வைப்பார். கூட வெண்ணெயில் புரட்டின உருளைக்கிழங்கு. அதற்கு 'இஸ்டேக்' என்று பெயர். துரைமார் வந்தால் அவர்களுக்கு மாட்டுக்கறி. அதற்கு வேறு கல், வேறு கத்தி, வேறு அடுப்பு. அதைக் கண்ணால் பார்த்து, பட்லரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வக்கீலே அங்கே கை நனைத்தாராம். ஒரு ஆள் அங்கே ஒரு வேளை சாப்பிடுகிற காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாசத்து மளிகை வாங்கிவிடலாம். அப்படிப்பட்ட இடம்.

என் மாமியாருக்கு அந்த இரண்டு கல் விவகாரத்தில் நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் வாசற்படி ஏறும்போதே, "ஏலே, தலை முழுகினியா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அருவியில் நின்றுவிட்டுத்தான் வந்திருப்பார். ஈரத்தலையைக் காட்டிய பிறகுதான் உள்ளே வர முடியும்.

அந்தச் சபைக்குள் செங்கோட்டைக்காரி எப்படி நுழைந்தாள் என்பதை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புருஷன் வீட்டில் இஸ்டேக்கைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறான். அவள், "சூடா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். "கல்லுல இருந்து நேரா பீங்கானுக்கு வரும்" என்றிருக்கிறான். "அப்ப நானும் வாரேன்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அவன் பெண்டாட்டியோடு வந்து இறங்கிவிட்டான். நான் அந்த இஸ்டேக்கைப் பற்றிக் கேட்காத நாளில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எனக்கு நெஞ்செரிச்சல். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே இவர் ஆரம்பிப்பார்.

"அந்தப் பிள்ளை இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா? பட்லரு கறியைக் கொண்டாந்து வச்சுட்டு, கெழங்கு எடுக்கப் போனாரு. கெழங்கு வாரதுக்குள்ள ஆறிரும்னு இவ பீங்கானைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே போயிட்டா. கல்லு பக்கத்துல நின்னுக்கிட்டே திங்குதா! பட்லரு பயந்துபோயி அம்மா, அம்மாங்காரு. இப்பம்லாம் துரைக்கு முந்தி அவளுக்குத்தான் வருது."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்காது. நான் துண்டை வாங்கிக் கொடியில் போடுவேன்.

அவர் அவளைத் தப்பான கண்ணால் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. அவள் சாப்பிடுவதைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் நான் சாப்பிட்டு அவர் ஒருநாளும் பார்த்ததில்லையே! பார்க்க வழி ஏது? நான் இலையில் உட்காரும்போது அவர் மண்டிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு எது பிடிக்கும், நான் ஊதிச் சாப்பிடுவேனா, உறைப்புக்குக் கண் கலங்குமா என்று எதுவும் அவருக்குத் தெரியாது. அவளைப் பற்றி அத்தனையும் தெரிந்து வைத்திருந்தார். கறியின் கருகின ஓரத்தைத்தான் முதலில் அரிவாளாம். உருளைக்கிழங்கைக் கடைசிக்கு வைப்பாளாம்.

நானும் வருகிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "நீ அங்கன வந்து என்ன செய்யப்போறே? முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியுமா ஒனக்கு?" என்றார். தெரியாதுதான். மறுநாளே பழக ஆரம்பித்தேன். மூன்று ஈர்க்குச்சியைக் கரண்டிக் காம்பில் கட்டி முள்ளுக்கரண்டி செய்துகொண்டேன். காய் நறுக்குகிற சின்னக் கத்தி வலது கையில், ஈர்க்குச்சி இடது கையில். எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு அடுப்படியில் மூலையில் உட்கார்ந்து தோசையைக் குத்தி அறுத்துச் சாப்பிட்டுப் பழகினேன். மாமியார் தண்ணீர் குடிக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, எடக்கையாலயா திங்குத?"

வலது கை விரலில் அரிவாள்மணை பட்டுவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற விரலில் துணி சுற்றிக்கொண்டு அந்த வாரம் முழுக்கத் திரிய வேண்டியதாயிற்று. இத்தனையும் யாருக்காக? அவளுக்கு இந்தப் பாடெல்லாம் இருந்ததா? புருஷனிடம் 'வாரேன்' என்றாள், போனாள்.

அந்த மாமியாரும் அவளிடம் விழுந்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஒருநாள் ஏதோ காரியமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை பிடித்தவள் நேரே அடுப்படிக்கு வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தே, ஒண்ணே ஒண்ணு. கல்லுல இருந்து நேரா போடுங்க" என்றாள். மாமியார் என் கையிலிருந்த தோசைத் திருப்பியைப் பிடுங்கிக்கொண்டார். நல்லெண்ணெய் ஊற்றி, ஓரம் முறுகவிட்டு, தானே வார்த்து வார்த்து அவள் இலையில் போட்டார். ஒன்று என்று ஆரம்பித்தது எங்கேயோ போயிற்று. எனக்கு ஒருநாளும் வார்த்துப் போடாத கை அது. நான் மாவுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தூண் மாதிரி நின்றேன்.

அவள் போன பிறகு, "என்ன அத்தை, அவளுக்கு இப்படி?" என்று கேட்டுவிட்டேன்.

மாமியார் அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாய் வேகாம எப்படித்தான் திங்குதான்னு பார்த்தேன்" என்றார். பிறகு, "நல்லாத்தான் திங்குதா" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என்னுடைய குரல்தான். அவரும் காலமெல்லாம் ஆறின தோசை தின்றவர்தானே.

பின்னால் சண்டைக்காலம் வந்தது. அரிசி ரேஷனில் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் அவர்கள் பஸ் கரிவாயுவில் முக்கி முனகி ஓடி, ஒரு நாளைக்கு ஓடினால் மறுநாள் நின்றது. பட்லரும் பங்களாவைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். செங்கோட்டைக்காரி வீட்டில் நாள் முழுக்கக் கேப்பைக் களிதான் என்று கேள்விப்பட்டேன். இனி என்ன செய்வாள் பார்ப்போம் என்றுதான் போனேன், துக்கம் விசாரிக்கப் போகவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கையைச் சுட்டுக்கொண்டு களியைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் அதே வேர்வை. "வாங்க மைனி, இப்பத்தான் எறக்கினேன், ஒரு உருண்டை திங்கீயளா?" என்றாள். வேண்டாம் என்றேன். எங்களுக்கு மண்டி இருந்ததால் வீட்டில் அன்றைக்கும் நெல்லுச்சோறு. போய் உட்கார்ந்தால் ஆறிப்போன நெல்லுச்சோறு. வழியெல்லாம் எனக்கு அந்தக் களி ஞாபகம்தான்.

அது பிந்தின கதை. குற்றாலத்துக்கு நான் போனதைச் சொல்ல வந்தேன். அதுவும் அவள் போட்ட பிச்சைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜையிலேயே, "நாலு ஆம்பளையாளுக்கு நடுவுல எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. அடுத்த வாரம் வீட்டுக்காரியளைக் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா நீங்களும் வராதீய" என்று சொல்லிவிட்டாளாம். நான் கேட்டபோது முள்ளுக்கரண்டி காரணம் சொன்ன மனுஷர், அவள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு வந்து, "ஏளா, ஞாயித்துக்கெழம கெளம்பணும். அந்தப் பிள்ளை சொல்லிட்டா" என்றார். சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சந்தோஷம்தான் பட்டேன்.

அவர்களுடைய பஸ்ஸிலேயே போனோம். நாலு ஆண்கள், நாலு பெண்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பங்களாவில் நீள மேஜை, வெள்ளை விரிப்பு, ஒவ்வொருவருக்கும் முன்னால் மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துணி. அதை மடியில் போட வேண்டும், தோளில் போட்டுக்கொள்ளாதே என்று பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் ஆகியிருந்தது. நான் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே செங்கோட்டைக்காரி. அடுத்த மேஜையில் ஒரு துரை தனியாக உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மிளகும் கொழுப்பும் கருகுகிற வாசனை வந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்கிக்கொண்டேன்.

பட்லர் முதலில் அவளுக்குத்தான் வைத்தார். பிறகு ஆண்களுக்கு. பிறகு எங்களுக்கு. எனக்கு முன்னால் ஒரு முழுப் பீங்கான், அதில் ஒரு முழுத்துண்டு, என் உள்ளங்கையைவிடப் பெரிசு. இன்னும் சுறுசுறுவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரும் தொடாதது, எனக்கென்றே வந்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை.

கத்தியை எடுத்தேன். முள்ளுக்கரண்டியை எடுத்தேன். கை எழும்பவில்லை.

இவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லையே! பழகின கை. ஈர்க்குச்சி வைத்து எல்லாம் பழகினேன், இதை மட்டும் பழகவில்லை. பக்கத்தில் வக்கீல் பெண்டாட்டியும் டாக்டர் பெண்டாட்டியும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அவரவர் புருஷன் தட்டு காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் பீங்கானிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது. ஆண்கள் கவனிக்கவில்லை. ஏதோ ஜில்லா போர்டு தேர்தல் பேச்சு. எதிரே அவள் ஒருத்திதான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் முடித்தார். முடித்தவர் என் பக்கம் திரும்பினார். என் தட்டைப் பார்த்தார்.

"ஏளா, நீ தொடவே இல்லையா? ஆறிப்போவுதுல்லா" என்றார்.

சொல்லிக்கொண்டே என் பீங்கானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன்னுடையதை என் பக்கம் தள்ளினார். அதில் கால்வாசி உருளைக்கிழங்கும், ஓரத்தில் எனக்கென்று ஒதுக்கி வைத்த நல்ல துண்டு ஒன்றும் இருந்தது. வீட்டில் செய்கிற மாதிரியே. அவர் மனசில் களங்கமே இல்லை. வக்கீலோடு விட்ட பேச்சைத் தொடர்ந்துகொண்டு என் இஸ்டேக்கை அரிந்து சாப்பிட்டார். நான் அந்த ஒரு துண்டைச் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, மிளகு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நிமிர்ந்தபோது செங்கோட்டைக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடிதான். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

பின்கட்டில் கை கழுவுகிற தொட்டியருகே அவளைப் பிடித்தேன்.

"பாத்தேல்லா?"

"பாத்தேன் மைனி."

"ஊரையே வெரட்டுத வாயி. எனக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் செம்பைக் கீழே வைத்தாள். நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை போலிருந்தது. "எனக்குக் கறி சூடா இருந்துச்சு மைனி. பேச ஆரம்பிச்சா ஆறிருமே" என்றாள். பிறகு யோசித்து, "ஒங்க பீங்கானுக்கு நீங்கதான பேசணும்?" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய். தூங்கினேன், ஆனால் தூக்கத்திலும் அந்தப் பீங்கான்தான். வக்கீல் பெண்டாட்டியும் டாக்டர் பெண்டாட்டியும், கறியா அது, விறகுக்கட்டை என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் வரமாட்டோம் என்றார்கள். ஆறவைத்துத் தின்றால் கட்டையாகத்தான் இருக்கும். நான் போவேன் என்றேன். இவர் ஆச்சரியப்பட்டார். "பிடிச்சுப் போச்சா ஒனக்கு?" என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் அவளோடு. அவள் கண் முன்னால், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் பீங்கானுக்கு நான் பேச வேண்டும். இவளுக்கும் வாய் உண்டு என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் முழுக்க அரிசி களையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும், சொல்ல வேண்டியதை எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அது சாரல் காலத்தின் கடைசி ஞாயிறு. அருவியில் தண்ணீர் மெலிந்துவிட்டது. மேஜையில் நாலு ஆண்களும் நாங்கள் இரண்டு பேரும். அதே இடம், அவள் எனக்கு எதிரே. கறி வந்தது. போன தடவை போலவே என் கை எழும்பவில்லை. எத்தனை வீராப்பு பேசி என்ன? அதற்கென்ன தெரியும், அது மண்டிக்காரர் பெண்டாட்டியின் கை. இவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தட்டில் ஆவி அடங்கிவிட்டது. இவர் முடித்தார். ஓரத்தில் ஒரு நல்ல துண்டை ஒதுக்கினார். வாயைத் துடைத்தார். கை என் பக்கம் வந்தது. விரல்கள் என் பீங்கானின் விளிம்பைத் தொட்டன.

"அத்தான்" என்றேன். "கையை எடுங்க. இது எம் பீங்கான். எனக்கு வேணும்."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வக்கீல் பேச்சை நிறுத்தினார். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அடுத்த மேஜைத் துரைகூடப் பத்திரிகையைத் தாழ்த்தினார். இவருடைய கை விளிம்பிலேயே நின்றது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிநேகிதர்களுக்கு முன்னால் அவரிடம் நான் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை.

"சாப்பிடேன். நான் வேண்டாம்னா சொன்னேன்? நீ திங்கலையேன்னுதான்" என்று முணுமுணுத்துக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு, எனக்கே நம்ப முடியவில்லை, நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தார்.

நான் சாப்பிட்டேன். கத்தியை வலது கையிலும் முள்ளுக்கரண்டியை இடது கையிலும் பிடித்து, கருகின ஓரத்தை முதலில் அரிந்தேன். கறி சில்லிட்டுப் போயிருந்தது. கொழுப்பு வெள்ளையாக உறைந்து அண்ணத்தில் ஒட்டியது. மென்று மென்று தாடை வலித்தது. ஒரு துணுக்குகூட விடவில்லை. உருளைக்கிழங்கைக் கடைசியாகத் தின்று, உறைந்த வெண்ணெயையும் வழித்துப் போட்டேன். இவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். ஆனால் அப்போது எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கண் இல்லை.

எதிரே பார்த்தேன். பட்லர் கல்லிலிருந்து நேரே எடுத்த இரண்டாவது துண்டை அவள் முன்னால் வைத்திருந்தார். முகத்துக்கு நேரே ஆவி பறக்க, குனிந்து, ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசினது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. முள்ளுக்கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்தேன். நிமிர்ந்தாள். காலியான என் பீங்கானைப் பார்த்தாள். விளிம்பில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்த கொழுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். 'அப்படிச் சொல்லுங்க மைனி' என்றால் போதும். ஒரு தலையாட்டல் என்றாலும் போதும்.

அவள் வாயிலிருந்ததை விழுங்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"அய்யய்ய, ஆறிப்போனதையா தின்னீய மைனி?" என்றாள்.

அவளை அங்கேயே குத்திப் போட்டுவிடலாம் போலிருந்தது. கையில் கத்தி வேறு இருந்தது.